குகைக்கு அந்தப் பக்கத்து வெயில்

2025 மே 14, புதன்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வந்து, ஆறு இருபதுக்கு நின்றது. எட்டேமுக்காலுக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் நான் மெய்ப்புப் பார்க்கும் அச்சகத்தில் இருந்தேன். முகூர்த்த மாதம், பதினோரு கல்யாணப் பத்திரிகைகள் காத்திருந்தன. ஒன்றில் தேதி சரி, கிழமை தப்பு. சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துத் திருத்தினேன். மாலை ஐந்தேகாலுக்கு வீடு திரும்பி, ஐந்து ஐம்பதுக்குச் சாப்பிட்டு முடித்தேன். ஆறரைக்குச் சற்று முன் சூரியன் மறைந்தது.

காலண்டரைப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. இந்த ஆண்டின் தேதிகளும் கிழமைகளும் 1986ஆம் ஆண்டோடு அப்படியே பொருந்துகின்றன. அந்த ஆண்டும் மே 14 புதன்கிழமைதான். எனக்கு அப்போது பத்து வயது. அன்று மாலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு நான் எங்கே நின்றேன் என்பதை இன்றும் என்னால் சொல்ல முடியும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருக்கிறேன். நான் எழுதிய முதல் டைரி அது. டைரி எழுதும் ஆசையால் அதைத் தொடங்கவில்லை. மாமாவை வேவு பார்ப்பதற்காகத் தொடங்கினேன்.

நாங்கள் சமணர்கள். எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் சாப்பிடுவதில்லை. இருட்டில் சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ சிற்றுயிர்கள் சோற்றோடு உள்ளே போய்விடும் என்பது காரணம். பட்டு ஊரில் குடியிருந்தும் அம்மா ஒரு நாளும் பட்டு உடுத்தியதில்லை. பட்டுப்பூச்சியும் ஓர் உயிர் என்பதே அதற்கும் காரணம். இவற்றையெல்லாம் எங்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. மாலையானால் சாப்பாடு வரும், சாப்பிட்டதும் அடுப்படிக் கதவு சாத்தப்படும், அவ்வளவுதான்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. அம்மாவைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பெற்றோர் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவரை வளர்த்தாள். பாலிடெக்னிக் படித்து முடித்ததும் ரயில்வேயில் வேலை கிடைத்தது. செங்கோட்டைக்கு மேற்கே மலைப்பாதையில் பாலங்களையும் ஒரு பழைய குகையையும் பழுது பார்க்கும் பிரிவில் மேஸ்திரி. சுரங்கப்பாதை என்று நாம் புத்தகத்தில் எழுதுவதை அங்கே எல்லோரும் குகை என்றுதான் சொல்வார்கள். வேலைக்குக் கிளம்பிய அன்று அம்மா அவரிடம் ஒரே ஒரு வாக்கு கேட்டாள். "எங்க வேணா இரு. சூரியனைப் பார்த்துத்தான் சாப்பிடணும்." மாமா தலையாட்டினார்.

இரண்டு வருஷம் கழித்து, எங்கள் ஊருக்குப் பக்கத்து முசரவாக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நிலபுலம் உள்ள குடும்பம். பெண் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். கோயில் விசேஷம் ஒன்றில் மாமா அவளைப் பார்த்திருந்தார். அதற்குப் பிறகு அவர் எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் "முசரவாக்கம் போகும் சாலையைப் போட்டுவிட்டார்களா?" என்று ஒரு வரி இருக்கும். சாலை போடுவதில் மாமாவுக்கு அவ்வளவு அக்கறையா என்று எனக்கு வியப்பாக இருக்கும்.

பெண்ணின் அப்பா ராத்திரியில் தண்ணீர்கூடக் குடிக்காதவர். அவர் வந்து வேறு எதையும் கேட்கவில்லை. "மலையில தனியா இருக்கற பையன். ராச்சாப்பாடு இல்லாம இருக்கறாரா? நீங்க சொன்னா போதும்மா, பொண்ணு குடுக்கறேன்" என்றார். வேறு யாராக இருந்தாலும் உடனே ஆமாம் என்றிருப்பார்கள். அம்மா சொல்லவில்லை. "தெரிஞ்சுக்கினு சொல்றேங்க" என்றாள். தெரியாததைத் தெரியும் என்று சொல்வது அவளைப் பொறுத்தவரை ராச்சாப்பாட்டைவிடப் பெரிய தப்பு.

அதனால் கோடை விடுமுறையில் லீவில் வந்த மாமாவோடு நான் மலைக்கு அனுப்பப்பட்டேன். குளிர்ந்த இடம், குழந்தைக்கு நல்லது என்று எல்லோரிடமும் சொல்லப்பட்டது. என் பெட்டியில் துணிக்கு அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டும், எங்கள் முகவரி எழுதிய மூன்று போஸ்ட் கார்டும் இருந்தன. அப்பா தன்னுடைய பழைய கைக்கடிகாரத்தை, வாரில் இன்னும் இரண்டு ஓட்டை போட்டு, என் மணிக்கட்டில் கட்டிவிட்டார்.

"மாமா எப்ப சாப்பிடறாரு, சூரியன் எப்ப மறையுது, ரெண்டையும் எழுதணும்" என்றாள் அம்மா. "முசரவாக்கத்துக்காரருக்கு நான் பதில் சொல்லணும். பார்த்ததை மட்டும் எழுது. நெனைச்சதை எழுதாதே. மாமாகிட்ட சொல்லாதே."

மே 8, வியாழக்கிழமை, போய்ச் சேர்ந்தோம். மாமாவின் ரயில்வே வீடு மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருந்தது. வீட்டிலிருந்து இருநூறு அடியில் தண்டவாளம். அதன் கோடியில், மலையின் வயிற்றில், கல் வளைவுக்குள் கறுப்பாகக் குகை. பக்கத்து வீடு, தண்டவாள வேலையாட்களுக்குத் தலைவரான கேங் மேட்டுடையது. அவர் மனைவி தெற்கத்திக்காரர், கிறிஸ்தவர். மாமா வேலைக்குப் போகும் நேரத்தில் அவர்தான் என்னைப் பார்த்துக்கொண்டார். "காஞ்சிபுரத்துப் பிள்ள, ஒரு பட்டுப் பாவாடகூட இல்லியா ஒனக்கு?" என்று முதல் நாளே கேட்டார்.

மத்தியானம் மாமா வந்து சமைப்பார். அதில் ஒரு பங்கை எனக்கு எடுத்து வைத்துவிட்டு, தன் பங்கை இரண்டடுக்கு டிபன் கேரியரில் போட்டு மூடுவார். நான் நாலரைக்குச் சாப்பிட்டுவிடுவேன். ஐந்து மணிக்கு வேலை முடிந்து மாமா வருவார், கை கால் கழுவுவார், கேரியரையும் அரிக்கேன் விளக்கையும் எடுத்துக்கொண்டு மறுபடி குகைக்குள் போய்விடுவார்.

"எங்க மாமா போற?"

"சின்ன வேலை இருக்குது பாப்பா. குகைப் பக்கம் நீ வரக் கூடாது. சரியா?"

நான் குகை வாயில்வரை போய் எட்டிப் பார்த்தேன். அரை மைலுக்குச் சற்று மேல் நீளம், மறுபக்கம் திறந்திருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். திறந்திருந்தால் வெளிச்சம் தெரிய வேண்டும் அல்லவா? எதுவும் தெரியவில்லை. மாமாவின் விளக்கு கொஞ்ச தூரம் ஆடிக்கொண்டே போனது. பிறகு அதுவும் இல்லை. முழு இருட்டு.

மே 12, திங்கட்கிழமை, முதல் போஸ்ட் கார்டை எழுதி ஸ்டேஷன் தபால் பெட்டியில் போட்டேன். அதில் இருந்தது இதுதான். "8ஆம் தேதி. சூரியன் மறைந்தது 4.56. மாமா கேரியரோடு குகைக்குள் போனது 5.14. திரும்பி வந்தது 7.05. கேரியர் காலி. 9ஆம் தேதி. சூரியன் மறைந்தது 4.56. உள்ளே போனது 5.12. வந்தது 7.04. கேரியர் காலி." இப்படியே நான்கு நாள். நினைத்தது ஒரு வார்த்தைகூட இல்லை. எல்லாம் பார்த்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

புதன்கிழமை கேங் மேட்டின் மனைவி தென்காசியில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டார். ஐந்து மணிக்கு வந்த மாமா கேரியரைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வீட்டில் என்னைத் தனியாக விடவும் மனமில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"இங்க பார். என் கையை விடக் கூடாது. நான் நில்லுன்னா நிக்கணும், ஓடுன்னா ஓடணும். அம்மாகிட்ட சொல்லவே கூடாது."

சொல்லக் கூடாதவை எனக்கு இரண்டு பக்கத்திலும் சேர்ந்துகொண்டே போயின. 5.14க்கு உள்ளே போனோம்.

முதலில் பட்டது குளிர்ச்சி. அடுத்தது வாசனை: கரிப்புகையும் ஈரச் சுண்ணாம்பும் வௌவாலும் கலந்தது. சுவரெல்லாம் கரி. தொட்டால் விரல் நுனி கறுத்தது. தண்டவாளத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒருவர் நடக்கத்தான் வழி. கேரியரை முழங்கையில் தொங்கவிட்டு மாமா முன்னால், ஒரு கையில் விளக்கும் மறு கையில் அவர் கையுமாக நான் பின்னால். ஒரு கை நீளச் சுத்தியலால் போகிற போக்கில் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார். கல் கணீர் கணீர் என்றது. ஓரிடத்தில் மட்டும் பொத்தென்றது.

"கேட்டியா? உள்ள கலவை கரைஞ்சு போச்சு. நாளைக்கு இதைக் குத்தி எடுத்துட்டுப் புதுசா பூசணும்." சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார். "பாறை கெட்டியா இருக்கற எடத்துல சும்மா குடைஞ்சு விட்டுட்டாங்க. இளகின எடத்துல மட்டும்தான் கல்லு கட்டியிருக்காங்க. அந்தக் காலத்துல மெஷின் ஏது? ஒருத்தன் உளிக்கம்பியைப் பிடிச்சுக்குவான், இன்னொருத்தன் சம்மட்டியால அடிப்பான். ஒவ்வொரு அடிக்கும் கம்பியைக் கொஞ்சம் திருப்பணும். துளை ஆழமானா மருந்து வெச்சு வெடிக்கறது. ஒரு நாள் முழுக்க வேலை செஞ்சா நம்ம வீட்டு நடை நீளம் போயிருந்தா அதிகம்."

"இந்தப் பக்கத்துல ஆரம்பிச்சு அந்தப் பக்கம் வரைக்குமா?"

"அப்படிப் போனா கெழவனாயிடுவான். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சாங்க. மலை மேல ஒரு நேர்க்கோடு பிடிச்சு, கொடி நட்டு, அந்தக் கோட்டையே ரெண்டு வாயிலுக்கும் எறக்கினாங்க. உள்ள தூக்குக்குண்டு கட்டித் தொங்க விட்டு, அதைப் பார்த்துப் பார்த்துக் குடையறது. இவன் அவனைப் பார்க்க முடியாது. இவன் அடிக்கற சத்தம் அவனுக்குக் கேக்காது. ரொம்பக் கிட்ட வந்த பிறகுதான் கேக்கும்."

"கோடு தப்பாப் போயிருந்தா?"

"ரெண்டு குகை ஆயிருக்கும்" என்று சிரித்தார். "ஆனா கொஞ்சம் விலகித்தான் போச்சு. வா காட்டறேன்."

பாதியில் நின்று என்னிடமிருந்து விளக்கை வாங்கி உயர்த்தினார். சுவர் ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு உள்வாங்கியிருந்தது. இரண்டு பக்கத்துக் குடைவும் சந்தித்த இடம் அதுதான் என்று கேங்காரர்கள் சொல்லிக்கொள்வார்களாம். எழுத்தில் நான் எங்கும் பார்த்ததில்லை. அதனால் அவர்கள் சொன்னதாக மட்டும் எழுதுகிறேன்.

தரை அங்கே சற்று மேடாக இருந்தது. மலைக்குள் ஊறும் தண்ணீர் தேங்காமல் இரண்டு பக்கமும் வடிய வேண்டும் என்பதற்காக நடுவில் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். "இங்க நின்னு துப்பினா பாதி தமிழ்நாட்டுக்குப் போவும், பாதி கேரளாவுக்குப் போவும்" என்றார் மாமா. நான் துப்பிப் பார்த்தேன். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன்: மேற்கே, தூரத்தில், நகத்தை வெட்டிப் போட்டதுபோல் ஒரு வெளிச்சக் கீற்று. அந்த மேடுதான் இத்தனை நாள் அதை மறைத்திருந்தது.

மாமா சட்டென்று நின்றார். தண்டவாளத்தின் மேல் காலை வைத்தார். பிறகு குனிந்து காதை வைத்தார்.

"ஓடு!"

சுவரில் சில கஜத்துக்கு ஒரு மாடம் குடைந்திருந்தது. ரயில் வந்தால் வேலையாட்கள் ஒதுங்குவதற்கு. மாமா என்னை அதற்குள் தள்ளி, துண்டால் என் மூக்கையும் வாயையும் பொத்தி, எனக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெறும் என்ஜின் ஒன்று அட்டவணையில் இல்லாமல் திரும்பிக்கொண்டிருந்தது. சத்தம் வெளியிலிருந்து வரவில்லை, கல்லுக்குள்ளிருந்து வந்தது. பிறகு நெருப்பு வெளிச்சம், சூடு, புகை. மாமாவின் சட்டை அடித்துக்கொண்டது. போனதும் மாமா என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கை இருக்கிறது, கால் இருக்கிறது, தலை இருக்கிறது. நான் சாணால் மாடத்தின் அகலத்தை அளந்துகொண்டிருந்தேன்.

"இன்னா பண்ற?"

"எட்டு சாண் மாமா."

"நீ உங்கம்மா பொண்ணுதான்" என்றார்.

5.42க்கு வெளியே வந்தோம். வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெயில். மலைக்கு அந்தப் பக்கம் முழுக்க, மரங்களின் மேலும் தண்டவாளத்தின் மேலும், மஞ்சளாக வெயில் கொட்டிக் கிடந்தது. சூரியன் நான்கு பனைமர உயரத்தில் சாவகாசமாக நின்றிருந்தது. முக்கால் மணி நேரத்துக்கு முன் அது மறைந்ததை நானே பார்த்து எழுதியிருந்தேன்.

குகை வாயிலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்த காவலர் கை தட்டினார். "வாரும் மேஸ்திரி! இன்னைக்கு என்ன சொணக்கம்? ஒமக்காகச் சூரியனப் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கேன்." என்னைப் பார்த்தார். "சாட்சிக்கு ஆளும் கூட்டிட்டு வந்துட்டீராக்கும்? பாப்பா, ஒங்க மாமனப் போல ஒரு பைத்தியக்காரன நான் பாத்ததில்ல. ரெண்டு வருசமா தெனமும் சோத்தத் தூக்கிட்டு மலையத் தாண்டி வாராரு. அந்தப் பக்கம் இருந்து தின்னா எறங்காதாம்."

மாமா பாறை ஒன்றின் மேல் மேற்கே பார்த்து உட்கார்ந்து கேரியரைத் திறந்தார். புளிச்சாதம், அவரைக்காய்ப் பொரியல். சூரியனைப் பார்த்தபடி முதல் கவளத்தை வாயில் போட்டார்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா, நான் அம்மாவுக்குக் கார்டு போட்டுட்டேன்."

"போட்டா போச்சு. இன்னா எழுதின?"

சொன்னேன். நான்கு நாளின் நேரத்தையும் தேதியோடு ஒப்பித்தேன். எதற்காக எழுதச் சொன்னாள் என்பதையும், முசரவாக்கத்துக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டேன். மாமாவின் கை கேரியருக்குள்ளேயே நின்றுவிட்டது.

"நேரமெல்லாம் சரியா போட்டியா?"

"போட்டேன்."

"அப்ப தப்பு ஒண்ணும் இல்லியே" என்றார். மீதிச் சோற்றைச் சாப்பிடவில்லை. காக்கைக்கு வைத்தார். அன்று முதன்முறையாகக் கேரியர் காலியாகத் திரும்பியும் மாமா முழுதாகச் சாப்பிட்டிருக்கவில்லை; அதையும் எழுதியிருக்கிறேன்.

"தந்தி குடுக்கலாம் மாமா."

"தந்தியில இன்னான்னு குடுக்கறது? 'சூரியன் அந்தப் பக்கம் இருக்குது'ன்னா? தந்தின்னு கேட்டதுமே உங்கம்மா நான் செத்துட்டேன்னு அழ ஆரம்பிச்சுடுவா."

"அம்மாகிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவர் கேரியரை மூடிக் கொக்கியை மாட்டினார். ஆறரை மணி வண்டி குகையைக் கடந்து போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அது போன பிறகுதான் உள்ளே நடக்க முடியும். சூரியன் இறங்கிக்கொண்டே போனதை இரண்டு பேரும் பார்த்தோம். 6.31க்கு அது உண்மையாகவே மறைந்தது.

மே 18, ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு நாள் லீவில் மாமா என்னைக் காஞ்சிபுரத்துக்குக் கூட்டிவந்தார். அம்மா என் தலையைத் தடவினாள். மாமாவிடம், "குளிச்சுட்டு வா" என்றாள். கார்டு புதன்கிழமையே வந்துவிட்டதாகவும், மறுநாளே முசரவாக்கத்துக்காரர் வந்ததாகவும், அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் கார்டை அவர் கையில் கொடுத்துவிட்டதாகவும், அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டதாகவும் அப்பா சொன்னார். நான் ஓடிப்போய் அடுப்படியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: குகை, வெயில், 5.42. மாமாவிடம் கொடுத்த வாக்கு ஒன்று உடைந்தது.

அம்மா அரிவாள்மணையை விட்டு எழுந்து, கூடத்தில் இருந்த மாமாவிடம் வந்தாள்.

"டேய். தினமும் அந்த ரயில் குகைக்குள்ளயா நடக்கற?"

"டயம் பார்த்துத்தான்கா போறேன்."

"ஏண்டா எனக்குச் சொல்லல?"

"சொன்னா நீ தூங்குவியா?"

அம்மா அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். அழுதாளா என்று தெரியாது. அடுப்பில் புகை இருந்தது.

மாலை நாலரைக்கு வாசலில் முசரவாக்கத்துக்காரரின் சைக்கிள் வந்து நின்றது. சம்பந்தம் வேண்டாம் என்று நேரில் சொல்லிப்போக வந்திருக்கிறார் என்றே எல்லோருக்கும் தோன்றியது. மாமா எழுந்து உள்ளே போகப் பார்த்தார். அப்பா, "உட்காருப்பா" என்றார்.

பெரியவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பையிலிருந்து என் கார்டை எடுத்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

"வேணாம்னு சொல்லத்தான் இருந்தேன்மா. பொண்ணுகிட்ட குடுத்து, இந்தா நீயே படிச்சுக்கோன்னேன். படிச்சுட்டு அது சிரிக்குது. எனக்குக் கோவம் வந்துச்சு. இன்னாத்துக்குச் சிரிக்கறேன்னேன். மே மாசத்துல ஆறரைக்கு மறையற சூரியன் அங்க மட்டும் எப்படிப்பா அஞ்சுக்குள்ள மறையும், மலை மறைக்குதுப்பா, அவரு மலைக்குக் கிழக்கால இருக்கறாரு, குகை மேற்கால போவுது, வெயிலு அந்தப் பக்கம் இருக்கும்னு சொல்லுது. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கப் போற பொண்ணு, எனக்கு எடுத்துச்சு." அவர் என் பக்கம் திரும்பினார். "நீதான் எழுதினதா? நல்ல கையெழுத்து. சொல்லு, அந்தப் பக்கம் வெயில் இருந்துச்சா?"

"இருந்தது. 5.42."

"தினமும் அங்க போய்த்தான் சாப்பிட்டாரா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரு நாள்தான் பார்த்தேன்" என்றேன். "மத்த நாளெல்லாம் காவலர் சொன்னார். நான் பார்க்கல."

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். பெரியவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "மாமனுக்குக் கல்யாணம் நடக்கணுமேன்னுகூட ஒரு ஆமாம் வருதா பாருங்க இந்த வாயில" என்றார். "உங்க வீட்ல வளர்ந்தவருதானே அவரும். போதும்மா."

கிளம்புவதற்கு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"பொண்ணு ஒண்ணு கேட்டுக்கினு வரச் சொல்லிச்சு. கேக்க எனக்கே கூச்சமா இருக்குது. உள்ள ரயிலு வந்துட்டா ஒதுங்க எடம் இருக்குமாமே. அதுல ஒருத்தர்தான் நிக்க முடியுமா, ரெண்டு பேரு நிக்கலாமா?"

மாமாவைத்தான் கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். குகையைப் பற்றி இந்த வீட்டில் கணக்கு வைத்திருப்பவள் நான் என்பதால் நான் சொன்னேன்.

"மாடம் எட்டு சாண் அகலம். நானும் மாமாவும் நின்னோம். ஆனா நான் சின்னவ. பெரியவங்க ரெண்டு பேர்னா அளந்துதான் சொல்லணும்."

அப்பா முதலில் சிரித்தார். பிறகு பெரியவர். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மாமாவின் காது மடல் இரண்டும் சிவந்துபோயின. என் பதிலில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. எட்டு சாண் என்பதை யாரும் நம்பவில்லை போலும் என்று நினைத்தேன்.

அவர் போன பிறகு, விளக்கு வைக்கும் முன், ஐந்து ஐம்பதுக்கு எல்லோரும் சாப்பிட்டோம். அம்மா மாமாவின் தட்டில் இரண்டாவது முறை சோறு போட்டாள். "போதும்டா. இனிமே அந்தக் குகைக்குள்ள போவாதே. மலைக்கு இந்தப் பக்கமே உட்காந்து, வானத்துல வெளிச்சம் இருக்கறப்பவே சாப்பிட்டுக்கோ. நான் கேட்ட வாக்கை நானே திருப்பி வாங்கிக்கறேன்."

"இப்ப எப்படிக்கா விடறது?" என்றார் மாமா, தட்டைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு பேரு நிக்கலாமான்னு கேட்டு அனுப்பியிருக்காங்களே."

மறுநாள் மே 19, திங்கட்கிழமை. காலை ஐந்து ஐம்பதுக்கு எழுந்ததும் முதல் வேலையாக ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய், கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த மாமாவின் தோளை அளந்தேன். பதினேழரை அங்குலம். என் சாணையும் அளந்தேன். ஐந்தேமுக்கால். எட்டு சாணுக்கு நாற்பத்தாறு அங்குலம். மாமாவைக் கழித்தால் மீதி இருபத்தெட்டரை. நோட்டில் குறித்துக்கொண்டு, கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், முசரவாக்கத்து அக்காவின் தோள் எத்தனை அங்குலம் இருக்கும் என்று கேட்டேன்.